சம்பூர்ண ராமாயணம், 180 நிமிடம்

என் சித்தப்பாவின் கையெழுத்தில், நீல மையில், அந்தக் கேசட்டின் முதுகில் ‘சம்பூர்ண ராமாயணம்’ என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருடத்தில் மை வெளுத்து ஊதாவாகிவிட்டது. உள்ளே ராமனும் இல்லை, சீதையும் இல்லை. வனவாசம் மட்டும் உண்டு.

பரணிலிருந்து அதை இறக்க வைத்தவன் என் அக்கா மகன். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஊருக்கு வந்தவன் சாப்பிட்ட கை காயுமுன்னே ஆரம்பித்தான்.

“மாமா, ஆபீஸ் பசங்க எட்டுப் பேரு கொல்லிமலையில டென்ட் போட்டுத் தங்கப் போறோம். முந்தின நாள் ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து காட்டுப் பேய்ப் படம் ஒண்ணு பாக்கணும்னு பிளான். பழசா, நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.”

“டென்ட்ல பாக்குற படமா, டென்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாக்குற படமா?”

அவனுக்கு விளங்கவில்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு டென்ட் என்றால் சினிமாக் கொட்டகை. ஆற்று மணலைக் கொட்டி, குவித்து மேடாக்கி, அதன் மேல் உட்கார்ந்து பார்க்கிற இடம். 1905-இல் திருச்சி ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊருக்குத் திரும்பவிருந்த துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினாரே, அந்த வழியில் வந்தது எங்கள் டென்ட். பக்கத்துத் திருச்சியில் பிறந்த தொழில் என்பதால் புதுக்கோட்டைப் பக்கம் அதற்குக் குறைவே இருந்ததில்லை. இந்தக் கேசட் அந்த டென்ட்டின் கழுத்தை நெரிக்க வந்த சரக்கு. அதைச் சொன்னால் கதை நீளும் என்று, தூசியைத் தட்டி அவன் கையில் கொடுத்தேன்.

சின்னச் செங்கல் அளவு கறுப்புப் பெட்டி. இந்தத் தலைமுறை கையில் வாங்கினால் எப்படித் திறப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஓரத்தில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது. அதை நகத்தால் அமுக்கினால் முன்பக்க மூடி எழும்பும். அரை அங்குல அகலத்தில் கறுத்த நாடா தெரியும். சுருளின் ஓரமெல்லாம் விபூதி பூசினது மாதிரி வெள்ளைப் பூஞ்சை. நெற்றியில் ‘இ-180’ என்ற அச்சு. 180 நிமிடம் ஓடும் என்று அர்த்தம். 250 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நாடா. நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராது. ஆமை வேகத்தில் ஊரும் நாடாவில், நொடிக்கு 25 தரம் சுழலும் ஓர் உருளை சாய்வாகக் கோடு கிழித்துப் படத்தை எழுதும், படிக்கும். 1976-இல் ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. எங்கள் ஊரில் அதை வாசிக்கிற கருவிக்கு ஒரே பெயர்தான்: டெக்.

அந்த நாடாவில் இருக்கும் காடு, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மோரிஸ்டவுன் என்ற ஊருக்கு வெளியே இருந்த காடு. 1979 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்துப் பையன்கள் சிலர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். இயக்குநர் சாம் ரெய்மிக்கு அப்போது வயது 20. கூட்டாளிகள் ராபர்ட் டாபெர்ட், நடிகர் புரூஸ் கேம்பல். கையில் காசில்லை. முந்தின வருடம் ‘வித்தின் த வுட்ஸ்’ என்று அரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்து, அதைக் காட்டித்தான் பல் வைத்தியர், வக்கீல் என்று வசதிப்பட்டவர்களிடம் பணம் திரட்டினார்கள். எடுத்த படம் ‘ஈவில் டெட்’.

கதை இரண்டு வரி. ஐந்து பேர் காட்டுக்குள் ஒரு பாழ் வீட்டில் தங்கப் போகிறார்கள். நிலவறையில் ஒரு புத்தகமும் டேப் ரெக்கார்டரும் கிடைக்கின்றன. டேப்பை ஓடவிட்டதும், அதில் பதிந்திருந்த மந்திரம் காட்டில் உறங்கியதை எழுப்பிவிடுகிறது. ஒவ்வொருவராகப் பேயாக மாறுகிறார்கள். நாடாவை ஓட்டினால் பேய் வரும் என்று சொல்கிற படத்தை நாங்கள் நாடாவில் ஓட்டிப் பார்த்தோம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

என்னைக் கேட்டால், படத்தைவிட அதை எடுத்த கதைதான் காட்டுக்குப் போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் நாளே படக்குழு காட்டில் வழி தவறியது. குளிர்காலம். அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது. சோளப் பாகில் சாயம் கலந்து செய்த ரத்தம் உடம்பில் அப்பிக்கொண்டு பிசுபிசுத்தது, குளிரில் இறுகியது. பேய்க் கண்ணுக்குப் போட்ட கனத்த லென்ஸைக் கண்ணில் பொருத்தப் பத்து நிமிடம், போட்டபின் கால் மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கடைசி நாட்களில் குளிர் தாங்காமல் வீட்டிலிருந்த மேசை நாற்காலிகளையே கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். பேய் இல்லாமலேயே அந்தக் காடு அவர்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

படம் முழுக்கக் காட்டிலிருக்கும் தீய சக்தி கண்ணுக்குத் தெரியாது. அது பார்ப்பதைத்தான் நாம் பார்க்கிறோம்: தரையோடு தரையாக, இலை தழை சிதற, மரங்களுக்கிடையே சீறிக்கொண்டு வருகிற பார்வை. கிரேன், தள்ளுவண்டி எதற்கும் வழியில்லை. மரச்சட்டம் ஒன்றின் நடுவில் கேமராவை முடுக்கி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். சப்பரம் தூக்கி ஓடுகிற மாதிரி ஓடி எடுத்த காட்சிதான் உலகத்தை உலுக்கியது. இதே ரெய்மி பின்னாளில் 2002-இல் ‘ஸ்பைடர்மேன்’ எடுத்தார் என்றதும் அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை கைப்பேசியில்தான் ஒரு கண்.

1981 அக்டோபரில் டெட்ராய்ட்டில் முதல் காட்சி. அடுத்த வருடம் கான் திருவிழாவில் பார்த்த எழுத்தாளர் ஸ்டீபன் கிங் தூக்கிவைத்து எழுதினார். அதன் பிறகுதான் பலர் கண்ணில் பட்டது. 1983-இல் பிரிட்டனில் தியேட்டரிலும் கேசட்டிலும் ஒரே சமயத்தில் வெளியானது. வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்கள் கூட்டம் ஒரு பக்கம், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கொதித்தவர்கள் இன்னொரு பக்கம். கடைகளில் போலீஸ் கேசட்களை அள்ளியது, வழக்கு நடந்தது. வீடியோக்களுக்கும் தணிக்கை வேண்டும் என்று 1984-இல் அங்கே சட்டமே வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1984-இல் தமிழ்நாட்டிலும் வீடியோவுக்கு ஒரு சட்டம் வந்தது. டெக் வைத்துத் தொலைக்காட்சியில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம். அங்கே பயந்தது பிள்ளைகளுக்காக. இங்கே முதலில் பதறியவர்கள் தியேட்டர்காரர்கள்.

சித்தப்பா அப்போது சிங்கப்பூரில், ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். புதுக்கோட்டை, அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இப்படிக் கடல் தாண்டியிருப்பார்கள். அங்கே புதிய காப்புரிமைச் சட்டம் 1987-இல்தான் வந்தது. அதுவரை நகல் கேசட் மலிவு. விடுமுறைக்குக் கிளம்புமுன் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடை ஒன்றில் ஆறு கேசட் வாங்கியிருக்கிறார். ஐந்து தமிழ்ப் படம். ஆறாவது, கூட வேலை பார்த்த மலாய்க்காரர் “தைரியம் இருந்தா பாரு” என்று சொல்லி வாங்க வைத்தது.

வந்தது ‘சிதம்பரம்’ கப்பலில். விமானத்துக்குக் காசில்லாத எங்கள் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அந்தக் கப்பல்தான் கதி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்க, தோணியில் இறங்கிக் கரைக்கு வரவேண்டும். பச்சை டிரங்குப் பெட்டி, கோடாலித் தைலம், நைலக்ஸ் சேலை, ஆறு கேசட். சுங்கத்தில் கேள்வி வரும், வீட்டிலும் கேள்வி வரும் என்று கப்பலிலேயே யோசித்து, ஆறாவதன் முதுகில் 1958-இல் வந்த சாமி படத்தின் பெயரை எழுதி ஒட்டிவிட்டார். சுங்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வந்த சில மாதத்தில், 1985 பிப்ரவரியில், அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர் போனது. கப்பல் சேவையும் அத்தோடு நின்றது. கடைசி காலத்தில் அதில் வந்த பெட்டிகளில் ஒன்று இந்த டிரங்கு.

வீட்டில் கேள்வி வந்தது. வேறு மாதிரி வந்தது.

எங்கள் ஊர் நார்த்தாமலைக்குக் கிழக்கே. தண்ணீர் தெரியாத கண்மாய், பனை, பாறை, வரிசை பிடித்து நட்ட தைலமரம். காடு என்று சொல்வோமே தவிர, அது புஞ்சைக்கும் பெயர், செம்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கப் போகிற இடத்துக்கும் பெயர். டென்னசியில் மாதிரி வானத்தை மறைக்கிற காட்டை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருந்தோம். பயத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே பார்த்தால் தெரிகிற குன்றுகளில் ஒன்றுக்குப் பெயரே ஆளுருட்டி மலை. குற்றவாளியை மேலேயிருந்து உருட்டிவிடுவார்கள் என்று கதை. பக்கத்திலேயே அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து சிந்திய துண்டுதான் இந்தக் குன்றுகள், மூலிகை மண்டிக்கிடக்கும் என்று இன்னொரு கதை. கொல்கிற மலையும் பிழைக்க வைக்கிற மலையும் எங்கள் ஊரில் ஒரே தொடர்.

சித்தப்பா வந்த சந்தோஷத்தில் புதுக்கோட்டை டவுனிலிருந்து டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு வந்தன. கூடவே ஆபரேட்டர் ஒருவர். அவர் டெக்கின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைப்பதை ஐயர் அபிஷேகம் செய்வதைப் பார்ப்பது போலச் சுற்றி நின்று பார்த்தோம். மந்தையில் பெஞ்சு போட்டு டி.வி. வைத்தாயிற்று. எம்.ஜி.ஆர். படம் இரண்டு முடிந்தன. மணி பன்னிரண்டரை. பாதிப் பேர் தூக்கம். மூன்றாவதாக எதைப் போடலாம் என்று ஆபரேட்டர் கேசட்களைப் புரட்டியபோது என் அப்பத்தா எழுந்து முன்னால் வந்தாள்.

அப்பத்தாவுக்குச் சினிமா புதிதல்ல. புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா நடித்த ‘கண்ணகி’ 1942-இல் வந்தபோது வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவள். ‘சம்பூர்ண ராமாயண’த்தில் சிவாஜி பரதனாக வந்து பாதுகையைத் தலையில் வைப்பதைப் பற்றி அழாமல் பேசமாட்டாள்.

“ஏப்பா, ராமாயணம் இருக்குன்னியளே, அதப் போடுங்க. கெடக்குற பொழுதுக்குப் புண்ணியமாச்சும் கெடைக்கட்டும்.”

சித்தப்பா கொல்லைப் பக்கம் பீடி பிடிக்கப் போயிருந்தார். ஆபரேட்டர் முதுகைப் பார்த்தார், எழுத்து சரி, போட்டுவிட்டார்.

முதல் காட்சியில் பனி படர்ந்த குட்டை. அதன் மேல் எதுவோ மிதந்து போகிற மாதிரி கேமரா. அப்பத்தா கையைக் கூப்பினாள். “கங்கைக்கரை” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். அடுத்து ஒரு கார் வந்தது. அதற்கும் அவள் அசரவில்லை. சிங்கப்பூர்க்காரன் எடுத்த ராமாயணம் போலிருக்கிறது, தேருக்குப் பதிலாகக் கார் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஆண் இரண்டு, பெண் மூன்று என்று எண்ணிப் பார்த்து, சூர்ப்பணகை யார் என்று தேட ஆரம்பித்தாள். காட்டு வீட்டைக் கண்டதும், “பர்ணசாலை பாரேன், ஓட்ட ஒடசலா” என்றாள்.

சித்தப்பா திரும்பி வந்து டி.வி.யைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, அவரே பாதிதான் பார்த்திருந்தார். டெக் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

ராத்திரி. செரில் என்ற பெண்ணை வெளியிலிருந்து ஏதோ குரல் கூப்பிடுகிறது. அவள் கதவைத் திறந்துகொண்டு தனியாக இறங்குகிறாள். அப்பத்தா பதறிவிட்டாள். “ஏ புள்ள, போகாதடி! மாரீசன் கத்துறான்டி!” அதைக் கேட்டு, தூங்கினவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் ராத்திரி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. இந்தப் பாடம் தெரியாத பெண் நேராகப் போய்க் காட்டுக்குள் மாட்டிக்கொண்டது. கொடிகள் கையைக் காலைச் சுற்றுகிற இடத்தில் சித்தப்பா “கேசட் சிக்குது, கேசட் சிக்குது” என்று பொத்தானை அமுக்கி விரட்டிவிட்டார். அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் விரட்டத்தான் வேண்டும். ரெய்மியே பின்னால் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

அதன் பிறகு மந்தையில் சத்தமே இல்லை. எங்களுக்குத் தெரிந்த சினிமாப் பேய், விட்டலாச்சார்யா பேய். ‘ஜகன்மோகினி’யில் அடுப்புக்கு விறகில்லை என்று தன் காலையே நீட்டி எரியவிட்டுச் சமைக்குமே, அது. வீட்டு வேலை செய்கிற பேய். கோபமும் வரும், பாட்டும் பாடும், வேண்டினால் போய்விடும். இந்தப் பேய்க்கு என்ன வேண்டும் என்றே யாருக்கும் புரியவில்லை. செத்துப்போனவளுக்குக் குறை ஒன்றும் இல்லை, பழி வாங்க ஆள் இல்லை, பரிகாரமும் இல்லை. நிலவறை மூடியைத் தூக்கிக்கொண்டு வெள்ளை விழியோடு எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது. “இது எந்தக் காண்டம்ப்பா?” என்று அப்பத்தா ஒரே ஒரு தரம் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போது கரண்ட் போனது.

மந்தையில் அறுபது எழுபது பேர் இருந்திருப்போம். டி.வி.யின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கிச் சுருங்கி மறைந்தது. அந்த இருட்டில் தைலமரத் தோப்புப் பக்கம் காற்று எழும்பி இலை சலசலத்தது. முதலில் யார் ஓடினது என்று நாற்பது வருடமாக ஊரில் வழக்கு நடக்கிறது. ஆபரேட்டர்தான் என்று நான் சாட்சி சொல்வேன்.

அன்று யாருக்கும் வீட்டுக்குள் தனித்தனியாகப் படுக்கத் தைரியமில்லை. பிள்ளைகள் நாங்கள் பதினாலு பேரும் வாசலில் கோரைப்பாயை விரித்து, ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுக்கொண்டு படுத்தோம். அப்பத்தா அரிக்கேன் விளக்கோடு வந்து பார்த்தாள். பேயை எல்லாம் மறந்தாயிற்று அவளுக்கு. “எந்திரிங்கடா எல்லாம். மழை பேஞ்ச ஈரம். விரியன் ஊருற மாசத்துல தரையிலயா படுக்கிறிய?” என்று முதுகில் ஒன்று வைத்துக் கட்டிலுக்கும் திண்ணைக்கும் விரட்டினாள். பேய்க்குப் பயந்து நாங்கள் செய்தது, உண்மையிலேயே கொல்லக்கூடிய ஒன்றுக்குப் பாய் விரித்தது.

கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். பல் சின்னது, கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுவார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு. வயிற்றுவலி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடும். கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது. ஆளை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 2000-இலிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது 2020-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு. அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, “எங்க டென்ட்டுக்கு அடித்துணியோட சேத்து ஜிப் இருக்கு மாமா” என்றான். நல்லது. எங்கள் பாயைவிட மேல். ஜிப்பை மூடி வைக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அந்த ராத்திரிக்குப் பிறகு கேசட்டுக்குக் கிராக்கி வந்துவிட்டது. ராமாயணம் என்று கேட்டால் இது, பெரிய ராமாயணம் என்று கேட்டால் நிஜ ராமாயணம் என்று ஊரில் சங்கேதமே உருவானது. கீரனூர்ப் பக்கம் சித்தப்பாவின் மச்சான் ஒருவர் கொண்டுபோனார். அங்கிருந்து அறந்தாங்கி. அப்புறம் கோட்டைப்பட்டினத்துக் கடற்கரைக்குப் போய் இரண்டு வருடம் காணாமலே போனது. அந்தக் கரைக்காரர்கள் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி பார்த்தவர்கள், டி.வி. விஷயத்தில் எங்களுக்கு அண்ணன்கள். அவர்களும் பயந்தார்கள் என்று தகவல் வந்ததில் எங்களுக்கு ஒரு திருப்தி. தனியாக உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பவனுக்குப் பரிசு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை. பரிசு வாங்கினவனை யாரும் பார்த்ததில்லை.

கேசட் திரும்பி வந்தபோது மேலட்டை உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. நாடாவில் கோடு விழ ஆரம்பித்திருந்தது. யாரோ பாதியில் நிறுத்தி, திருப்பிச் சுற்றாமல் அப்படியே கொடுத்திருந்தார்கள். அது அப்படியே பரணில் ஏறியது.

1996-இல் அக்கா கல்யாணம். வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரர் ஒரு காப்பி தருவதாகப் பேச்சு. இரண்டாவது காப்பி வேண்டுமானால் கேசட் நீங்களே கொடுங்கள் என்றார். சிக்கனத்துக்குப் பேர்போன சித்தப்பா, பரணிலிருந்து இதை எடுத்து, பின்பக்கத்தில் பதிவைத் தடுப்பதற்காக உடைத்துவிட்டிருந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி நீட்டிவிட்டார். ஸ்டூடியோக்காரர் நாடா நின்ற இடத்திலிருந்தே பதிந்துவிட்டார். காப்பி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, முதல் காப்பியே போதும் என்றிருந்தது. அந்த முதல் காப்பி, 2005-இல் வீட்டுக்குள் தண்ணீர் வந்த மழையில் நனைந்து பாழாய்ப் போனது. கல்யாண வீடியோவே இல்லை என்று அக்கா இருபது வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். ராமாயணத்துக்குள் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கொல்லிமலைக்குக் கிளம்புகிறவனுக்கு நான் சொன்ன படங்கள் வேறு. ‘127 ஹவர்ஸ்’ பார் என்றேன், ஏ.ஆர். ரஹ்மான் இசை என்றதும் சரி என்றான். 2003-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் பாறைக்கிடையே கை மாட்டிக்கொண்டு, ஐந்து நாளைக்குப் பிறகு தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வந்த ஆரன் ரால்ஸ்டனின் கதை. எல்லாரும் அறுத்ததைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது, அந்த ஆள் எங்கே போகிறேன் என்று ஒரு ஜீவனிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது. தமிழில் என்றால் எஸ்.பி. ஜனநாதனின் ‘பேராண்மை’, சோவியத் படம் ஒன்றின் சாயலில் எடுத்தது. கொஞ்சம் பிரசங்கம் தூக்கல், ஆனாலும் காட்டை அறிந்தவன் பின்னால் நட என்கிற விஷயம் அதில் இருக்கிறது.

2024-இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அவனே பார்த்திருந்தான், மூன்று தரம். 2006-இல் கொடைக்கானல் குணா குகைப் பக்கம் நண்பன் குழிக்குள் விழ, ஒருவன் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்த உண்மைச் சம்பவம். “நட்புன்னா அதுதான் மாமா” என்றான். வேலியைத் தாண்டாமல் இருந்திருந்தால் நட்பு வீட்டிலேயே பத்திரமாக இருந்திருக்கும் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு குரங்கணியைச் சொன்னேன். 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் மலையேறிவிட்டு இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பலர் அவன் மாதிரி வேலை பார்த்த பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதி போட்டது. அதைப் படமாக யாரும் பார்க்கத் தேவையில்லை. யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், எந்த மாதம் போகிறீர்கள், காய்ந்த புல் எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும். அவன் தலையைச் சொறிந்தான். அடுத்த நாள் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டதை என் காதால் கேட்டேன்.

கேசட்டை அவன் திருச்சிக்குக் கொண்டுபோனான். பழைய நாடாக்களைக் கணினிக்கு ஏற்றித் தருகிற கடை அங்கே இருக்கிறது. பூஞ்சை பிடித்ததை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கும் கெடும் என்று, கடைக்காரர் நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றி ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்திருக்கிறார். பத்து நாள் ஆனது. பென்டிரைவில் வந்ததை அக்கா வீட்டு டி.வி.யில் போட்டோம். அக்கா சமையலறையில் இருந்தாள்.

குட்டை. பனி. கார். நிறமெல்லாம் ரோஸாகி, கீழே கோடு ஆடிக்கொண்டிருந்தது. அக்கா மகன் இரண்டு இடத்தில் சிரித்தான், ஓர் இடத்தில் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இந்தப் படத்தின் முடிவை நான் 2000-க்குப் பிறகு வேறு இடத்தில்தான் பார்த்தேன்: விடிந்துவிட்டது, தப்பித்தோம் என்று கதாநாயகன் ஆஷ் வாசலுக்கு வருவான், காட்டிலிருந்து அது கிளம்பி, வீட்டுக்குள் புகுந்து கதவை உடைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே வரும், அலறல், முடிந்தது. இந்த நாடாவில் அது வராது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியது. ஆஷ் தனியாக நிலவறைப் படியில் நிற்கிறான். மேலே ஒரு சத்தம். திரும்புகிறான்.

படம் குதித்தது. நீலப் பட்டை ஒன்று குறுக்கே ஓடியது. நாதஸ்வரம்.

மண்டப வாசல். வீடியோ லைட்டின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடிக்க, சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற ஒரு கிழவி கையை நெற்றிக்குக் கொடுத்து, கண்ணைச் சுருக்கி, நேராக எங்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது; நாதஸ்வரத்தில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கரண்டியோடு அக்கா ஓடி வந்து கதவோரம் நின்றாள்.

“யாரு மாமா இது?” என்றான்.

“ராமாயணம் போடச் சொன்னவ.”